கணினிக்குள் ஒரு பெரட்டு

எங்கள் கம்பெனி ஒரு வகுப்பு வைத்தது. ஒருவரை ஒருவர் நேரில் பார்க்காமல், அவரவர் வீட்டிலிருந்து கணினி வழியாகச் சேர்ந்து வேலை செய்பவர்களுக்கு என்னென்ன திறமைகள் வேண்டும், எப்படிப்பட்ட குணங்கள் வேண்டும் என்று சொல்லித்தரும் வகுப்பு. அதுவும் திரையில்தான் நடந்தது. பாடம் நடத்திய அம்மையார் கோலாலம்பூரில் இருந்தார். அவருக்குப் பின்னால் அழகான புத்தக அலமாரி ஒன்று தெரிந்தது. அவர் தலையைத் திருப்பும்போதெல்லாம் அவருடைய காது அந்த அலமாரிக்குள் போய் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. அலமாரி பொய்ப் படம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் படத்தின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "இந்த மாதிரி குழுவுக்கு முதல் தேவை உண்மையாக இருப்பது" என்று அவர் சொன்னார். காது எப்போது திரும்பி வரும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் நிறையச் சொன்னார். பேசத் தெரிய வேண்டும். யாரும் கேட்காமலே பேசத் தெரிய வேண்டும். யாரும் விரட்டாதபோது தன்னைத் தானே விரட்டிக்கொள்ளத் தெரிய வேண்டும். அடுத்த நாட்டுக்காரர்களின் பண்பாட்டைப் புரிந்து நடக்க வேண்டும். கேமராவைத் திறந்து வைத்துச் சிரித்த முகமாக இருக்க வேண்டும். கூச்சப்படுகிறவர்கள் ஓட்டை விட்டு வெளியே வர வேண்டும். ஓட்டை விட்டு வெளியே வந்த நத்தையை நான் பார்த்திருக்கிறேன். மழை விட்ட மறுநாள் எங்கள் வீட்டுக் கால்வாய் ஓரத்தில் காய்ந்து ஒட்டிக் கிடக்கும். அதைப் போய் அவரிடம் யார் சொல்வது? நான் சொல்லவில்லை. நான் எதையும் சொல்கிறவள் இல்லை.

நான் ஐந்தாம் படிவம் வரை படித்தவள். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஈப்போவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். குளிர்ப்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் போன்றவற்றை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு கம்பெனியில் வேலை. பொருள் வந்து சேரவில்லை, கதவு நசுங்கி வந்தது என்று வாடிக்கையாளர்கள் புகார் எழுதுவார்கள். நான் பதில் எழுதி, லோரிக்காரர்களைப் பிடித்து, மறுபடி நாள் குறித்துக் கொடுப்பேன். முன்பு ஈப்போவில் கடைவீட்டின் மேல்மாடியில் எங்களுக்கு ஓர் அலுவலகம் இருந்தது. தொற்று நோய்க் காலத்தில் அதை மூடியவர்கள் பிறகு திறக்கவே இல்லை. எல்லாரும் வீட்டிலிருந்தே செய்யலாம் என்றார்கள்.

உலகமே அலுத்துக்கொண்ட அந்த ஏற்பாடு எனக்குக் கோயில் பிரசாதம் மாதிரி கிடைத்தது. என் கணவர் லோரி ஓட்டியவர். இனிப்பு நீர் வந்து, கவனிக்காமல் விட்டு, ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்து வீட்டுக்குள் நடப்பார். சில சமயம் உடம்பில் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். வேர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். பக்கத்தில் ஆள் இருந்து வாயில் சீனித் தண்ணீரை ஊற்ற வேண்டும். எங்கள் ஒரே மகளை ஜொகூரில் கட்டிக்கொடுத்தோம், அவள் அங்கேயே இருக்கிறாள். பக்கத்தில் இருக்க வேண்டிய அந்த ஆள் நான்தான்.

அதனால் வகுப்பின் கடைசியில் அந்த அம்மையார் சொன்ன ஒன்றுதான் எனக்கு உறைத்தது. குழுவில் உள்ள ஒவ்வொருவரையும் சில வாரங்கள் கவனிப்பார்களாம். இந்த மாதிரி வேலைக்குப் பொருத்தமான குணம் உள்ளவர்கள் வீட்டிலேயே இருக்கலாம். இல்லாதவர்கள் கோலாலம்பூர் அலுவலகத்துக்கு வந்து வேலை செய்ய வேண்டும். அவர் அதை ஏதோ பரிசு கொடுப்பது போலச் சொன்னார். ஒற்றைக் காலோடு ஒரு மனிதரை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு நான் கோலாலம்பூருக்குப் போக முடியாது. ஆகவே, நான் பொருத்தமான குணம் உள்ளவளாக ஆக வேண்டியிருந்தது.

எங்கள் குழுத் தலைவர் சென்னையில் இருந்தார். என் வயதில் பாதிக்கு மேல் கொஞ்சம் இருக்கும். குழுவில் எல்லாரும் சமம், அதனால் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது அவருடைய கட்டளை. சமமாக இருப்பதற்கும் கட்டளை போட வேண்டியிருக்கிறது. ஓர் ஆண்பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வராது. "சார்" என்றால் அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "ப்ளீஸ் மேடம், சார் வேணாம்" என்பார். என்னை மட்டும் மேடம் என்பார். கடைசியில் நான் அவரை எதுவுமே சொல்லிக் கூப்பிடாமல் பேசப் பழகினேன். அது உறவாடும் குணம் குறைவு என்று என் கணக்கில் எழுதப்பட்டது.

தினமும் எல்லாரும் திரையில் கூடும் காலைக் கூட்டம் ஒன்று உண்டு. காலை என்பது சென்னைக் காலை. அங்கே அவர் பல் விளக்கிக் காப்பி குடித்து உட்காரும்போது இங்கே நான் பாதி நாள் வேலையை முடித்து உலை வைத்திருப்பேன். "குட் மார்னிங் டீம்!" என்று அவர் கை ஆட்டுவார். என் பின்னால் சோறு கொதிக்கும்.

ஒரு தடவை அவர் அழைத்தபோது, நான் தமிழில் பேசினால் அவருக்குப் பிடிக்கும் என்று நினைத்து, "நீங்க பசியாறிட்டு வாங்க, நான் காத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். எங்களுக்குப் பசியாறுவது என்றால் காலையில் ஏதாவது சாப்பிடுவது, அவ்வளவுதான். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பசி ஆறிட்டு வாங்களா? செம க்யூட் மேடம்! புராணப் படத்துல பேசுற மாதிரி இருக்கு. இன்னொரு வாட்டி சொல்லுங்க!"

நான் இன்னொரு தடவை சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவரிடம் ஆங்கிலத்தில் மட்டும் எழுதினேன். பண்பாட்டைப் புரிந்து நடப்பதில் அவருக்கு நல்ல பெயர் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

குழுவில் இன்னும் இரண்டு பேர் நம் ஆட்கள். காம்பாரில் ஒரு பெண், பட்டதாரி, மகள் வயது. சுறுசுறுப்பானவள். என்னை அக்கா என்பாள். இன்னொருவர் சித்தியவானில் இருந்தார். எனக்கு மூத்தவர், அண்ணே என்று கூப்பிடுவேன். கணினிக் குழுவில் எப்படிப் பிழைப்பது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அந்த வகுப்புக்குப் போக வேண்டாம், இந்த அண்ணனைப் பார்த்தால் போதும். யார் எதை எழுதினாலும் முதல் ஆளாகக் கட்டை விரல் படம் போடுவார். "அருமையான முயற்சி" என்பார். "நான் இதைக் கவனித்துக்கொண்டிருக்கிறேன்" என்பார். அவர் கவனித்துக்கொண்டிருந்த புகார்கள் எல்லாம் இரண்டு நாள் கழித்து என்னிடமோ காம்பார்ப் பெண்ணிடமோ வந்து சேரும். ஒரு நாள் கூட்டத்தில் அவர் மைக்கில் மோட்டார்ப் படகுச் சத்தம் கேட்டது. "பக்கத்து வீட்ல புல்லு வெட்றாங்க" என்றார். யாரோ பின்னால், "அண்ணே, தூண்டில இழுக்குது பாருங்க!" என்று கத்தினார்கள். தலைவருக்கு அது காதில் விழவில்லை. அந்த மாதம் குழுவிலேயே அதிகமாகக் கண்ணில் படுகிற உறுப்பினர் என்று அவருக்குத்தான் பாராட்டு கிடைத்தது.

இந்தக் காலைக் கூட்டத்துக்கு என் கணவர்தான் பேர் வைத்தார். நான் கழுத்துச் சங்கிலியைச் சரிசெய்து, மடிக்கணினி முன்னால் போய் விறைப்பாக உட்காருவதைப் பார்த்து ஒரு நாள் சிரித்தார்.

"என்னா இது, பெரட்டுக்கு நிக்கிற மாரி இருக்கே?"

எங்கள் இரண்டு பேருக்கும் தோட்டம்தான் பிறப்பு. தோட்டத்தில் வேலையாட்களை விடியும் முன்பே வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு எண்ணுவார்கள். அதற்குப் பெயர் பெரட்டு. வேலை வாங்கும் மண்டோர் கூப்பிடுவார், கணக்கு எழுதும் கிராணி குறித்துக்கொள்வார். உனக்கு இந்த மர நிரை, உனக்கு அந்தக் காடு என்று பிரித்து அனுப்புவார்கள். பிந்தி வந்தவருக்கு அன்றைக்கு வேலை இல்லை, திட்டு மட்டும் உண்டு. சின்ன வயதில் என் அம்மாவோடு போய் நின்றிருக்கிறேன். ஏங்குவதற்கு அதில் ஒன்றுமில்லை. இருட்டு, கொசு, மண்டோரின் தொண்டை. தோட்டம் கைமாறி, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, அதுவும் போய் வீடமைப்பு வந்தபோது பெரட்டும் ஒழிந்தது. நான் வருத்தப்படவில்லை.

கணினியில் நடப்பதும் அதேதான். தலைவர் ஒவ்வொருவராகப் பேர் கூப்பிடுவார். நேற்று என்ன செய்தாய், இன்றைக்கு என்ன செய்யப் போகிறாய், ஏதாவது தடங்கலா என்று கேட்பார். என்ன சொன்னாலும் "சூப்பர்" என்பார். ஒரே வித்தியாசம், மண்டோர் எங்களைச் சிரிக்கச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தக் கூட்டத்துக்குப் பெரட்டு என்றே பேர் ஆனது. "பெரட்டு முடிஞ்சா சோறு போடு" என்பார். "பெரட்டு நேரம், சத்தம் போடாதீங்க" என்பேன்.

தலைவர் கூட்டத்தின் முடிவில் ஒரு வரைபடம் காட்டுவார். வந்த புகார்கள் எத்தனை, தீர்ந்தவை எத்தனை என்று. தினமும் அது பச்சையாகவே இருக்கும். எப்படிப் பச்சையாக இருக்கிறது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். சாயங்காலம் ஆனதும் தீராத புகாரையும் அவர் தீர்ந்ததாக மூடிவிடுவார். மறுநாள் காலையில் அதையே புதுப் புகாராகத் திறப்பார். மேலிடம் பார்ப்பது சாயங்காலக் கணக்கு. "ஏன் எனக்குத் தினம் ஒரு புகார் எண் வருது?" என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். பதில் எழுத வேண்டியது நான்.

அன்றைக்குக் கூட்டத்துக்குப் பயிற்சி அம்மையாரும் வந்திருந்தார், எங்களைக் கவனித்து மதிப்பிட. நான் முதல் நாளே பேச வேண்டியதை எழுதி, கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருந்தேன். என் முறை வந்தது. மைக்கைத் திறந்தேன். சிரித்தேன். சொன்னேன். முடித்த நிம்மதியில் மைக்கை மூட மறந்துவிட்டேன்.

தலைவர் வரைபடத்தை விரித்தார். "பாருங்க, இந்த வாரமும் ஃபுல் க்ரீன்!" என்று அந்த அம்மையாருக்குக் காட்டினார். சரியாக அந்த நேரத்தில் சமையலறை வாசலில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது.

"என்னா இன்னும் பெரட்டு முடியலயா? தெனமும் இதே பெரட்டுதானா இவனுங்களுக்கு? வேற வேல இல்ல?"

நான் பாய்ந்து மைக்கை மூடினேன். அதற்குள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. தலைவரின் முகம் வெளுத்தது. பச்சை வரைபடத்தைப் பாதியிலேயே சுருக்கினார். "ஓகே டீம், வில் டேக் திஸ் ஆஃப்லைன்" என்று கூட்டத்தையே முடித்துவிட்டார்.

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. வீட்டு ஆண்பிள்ளை அலுத்துக்கொண்டது கேட்டுவிட்டது, மரியாதைக் குறைவு, அவ்வளவுதான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் காம்பார்ப் பெண் அழைத்தாள்.

"அக்கா, என்னாச்சு? உங்க வீட்ல யாரோ, சார் காட்டுன கணக்கு புரட்டுன்னு சொல்லிட்டாங்களாம். சார் ரொம்ப கோவமா இருக்காரு. சித்தியவான் அண்ணேகிட்டகூட அர்த்தம் கேட்டாராம்."

"புரட்டா?"

"ஆமாக்கா. தினமும் இதே புரட்டுதான்னு சொன்னாங்களாம். புரட்டுன்னா ஏமாத்து வேலதானே? எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பெரட்டு என்ற சொல் அந்தச் சென்னைக்காரருக்குத் தெரியாது. இந்தக் காம்பார்ப் பெண்ணுக்கும் தெரியாது. அவள் பட்டணத்துப் பிள்ளை. தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாக மாற்றிக் கேட்பது எல்லாக் காதும் செய்வதுதான். ஆனால் திருடனின் காது அதைக் கொஞ்சம் வேகமாகச் செய்கிறது. பச்சை வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு இருந்தவருக்கு அது புரட்டு என்று கேட்காமல் வேறு எப்படிக் கேட்கும்?

அடுத்து சித்தியவான் அண்ணனை அழைத்தேன். அவர் தோட்டத்தில் வளர்ந்தவர். அவருக்கு அந்தச் சொல் தெரியாமல் இருக்க முடியாது.

"கேட்டேம்மா, கேட்டேன்" என்றார். பின்னால் அலைச் சத்தம். "பெரட்டுன்னு கேட்டதும் எனக்கே சிரிப்பு வந்துருச்சு. எத்தன வருசமாச்சு அந்தப் பேச்சக் கேட்டு!"

"அப்ப அங்கயே சொல்லிருக்கலாமேண்ணே? கூட்டம் முடிஞ்சதும் சார் உங்களக் கேட்டாராமே?"

"கேட்டாரு. நான் தெரியாதுன்னுட்டேன்."

"ஏண்ணே?"

"அட, நம்மகிட்ட எதுக்குலா அந்தத் தோட்டத்துப் பேச்செல்லாம்? அவங்க நம்மள என்னா நெனப்பாங்க? விடும்மா. மன்னிப்பு கேட்டுரு. செனாங் சாஜா."

சுலபம்தானாம். அவருக்கு எல்லாமே சுலபம். நான் போனை வைத்த அரை மணி நேரத்தில் குழுவின் பொதுப் பக்கத்தில் அவர் ஒரு செய்தி போட்டார்: "நம் தலைவரின் நேர்மையான தலைமைக்கு என்றும் துணை நிற்போம்." பக்கத்தில் கட்டை விரல்.

என் கணவரிடம் சொன்னபோது அவர் முதலில் கொதித்தார்.

"போனக் குடு. அந்தப் பையன்கிட்ட நான் பேசுறேன்."

"நீங்க பேசுனது போதும்."

அப்படி அவரைப் பேசியது எனக்கே பொறுக்கவில்லை. மறுநாள் காலையில் நான் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தபோது, அவர் ஊன்றுகோல் இல்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் தத்தித் தத்திப் போய்க்கொண்டிருந்தார். ஒரு கையில் சீனி டப்பா. நெற்றியெல்லாம் வேர்வை.

"என்னா பண்றீங்க?"

"பழகிக்கிறேன். நீ கேஎல்லுக்குப் போய்ட்டு வா. நான் சமாளிச்சுக்குவேன்" என்றார். சொல்லி முடிக்கவில்லை, டப்பா கைநழுவி விழுந்தது. தரையெல்லாம் சீனி. அவரைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தேன். எறும்பு வருவதற்குள் நான் கூட்டிப் பெருக்கினேன்.

என்னை விசாரிக்க ஒரு தனிக் கூட்டம் வைத்தார்கள். விசாரணை என்று சொல்லவில்லை; மனம்விட்டுப் பேசும் சந்திப்பு என்று சொன்னார்கள். தலைவர் ஒரு சதுரத்தில், பயிற்சி அம்மையார் ஒரு சதுரத்தில், நான் ஒரு சதுரத்தில். கேமராவைத் திறக்கச் சொன்னார்கள். என் பின்னால் அலமாரி இல்லை. எங்கள் வீட்டுச் சுவரும், தேதி கிழிக்கிற காலண்டரும், என் கணவரின் மாற்றுச் சட்டையும் இருந்தன.

"மேடம், உங்க மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்ல" என்று அவர் ஆரம்பித்தார். அப்படி ஆரம்பிக்கிறவர்களுக்கு எப்போதும் இருக்கும். "ஆனா நம்ம டேட்டாவ ஃப்ராடுன்னு உங்க வீட்டுல பேசிக்கிறீங்கன்னா, டீம்ல ட்ரஸ்ட் எப்படி இருக்கும்?"

அம்மையார் தலையசைத்தார். காது போனது.

நான் அன்றைக்குத்தான் அவர்களிடம் தொடர்ந்து பேசினேன். மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் செய்யாத ஒன்றுக்கு மன்னிப்புக் கேட்டால் சொன்னது உண்மையாகிவிடும், அப்புறம் கோலாலம்பூர்தான். அதனால் உள்ளதைச் சொன்னேன்.

"அது புரட்டு இல்லைங்க. பெரட்டு. தோட்டத்துச் சொல்லு. வெள்ளக்காரன் காலத்துல இருந்து, தோட்டத்துல கூலியாளுங்கள விடியுமுன்ன வரிசையா நிப்பாட்டிப் பேர் கூப்புடுவாங்க. யாரு வந்தா, யாரு வரலன்னு எண்ணுவாங்க. அதுக்குப் பேரு பெரட்டு. இந்தக் கூட்டம் அந்த மாரி இருக்குன்னு என் வீட்டுக்காரரு கிண்டலுக்குச் சொல்றது. மோசடின்னு யாரும் சொல்லல."

சொல்லி முடித்ததும்தான் உறைத்தது, நான் சொன்ன உண்மை அவர் கேட்ட பொய்யைவிட மோசம் என்று. மோசடிக்காரர் என்று சொல்லியிருந்தால் ஒரு ஆள் மேல் குற்றம். இப்போது நான் அவரை மண்டோர் என்றும், எங்களைக் கூலி என்றும், அவருடைய சமத்துவக் கூட்டத்தை ஆள் எண்ணும் களம் என்றும் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தேன். வேலை போனது என்று முடிவு செய்துவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் கணவரைப் பார்த்தேன்.

தலைவர் முகத்தில் மெதுவாக ரத்தம் திரும்பியது. வரைபடத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அதற்கு மேல் அவருக்கு எதுவும் புரிய வேண்டியிருக்கவில்லை.

"ஓ மை காட், பரேட்! பரேட்தான் பெரட்டு ஆயிருக்கு! மேடம், செம! கூஸ்பம்ப்ஸ்!"

"சோ ஆத்தென்டிக்" என்றார் அம்மையார்.

"நம்ம மார்னிங் மீட்டிங்குக்கு இதையே பேரா வச்சா என்ன?"

"லவ் இட்" என்றார் அம்மையார்.

கூலியாட்களை நிறுத்தி எண்ணுவது என்று நான் தமிழில்தான் சொன்னேன். அவர் தமிழர். அந்த அம்மையாரும், வீட்டில் பேசாவிட்டாலும், தமிழ்க் குடும்பம்தான். சொன்னதை இரண்டு பேரும் கேட்டார்கள். அதில் ஓர் அழகான சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கீழே போட்டுவிட்டார்கள், கரும்புச் சாறு குடித்துவிட்டுச் சக்கையைத் தூக்கிப்போடுவது போல. யார் எண்ணினார்கள், யாரை எண்ணினார்கள், இன்றைக்கு யார் எண்ணுகிறார்கள் என்று ஒரு கேள்வி வரவில்லை. கேட்கும் திறமை என்று வகுப்பில் ஒரு பாடமே நடத்தினார்கள்.

மதிப்பீட்டில் எனக்கு நல்ல பெயர் வந்தது. பண்பாட்டைப் பகிர்ந்துகொள்ளும் குணம் எனக்கு உண்டாம். ஓட்டை விட்டு வெளியே வந்துவிட்டேனாம். வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றார்கள்.

அடுத்த வாரம் கூட்டத்தின் தொடக்கத்தில் ஒரு படம் வந்தது. சூரியன் உதிக்கிறது. ஒரு மரம் நிற்கிறது. கீழே ஆங்கில எழுத்தில் பெரட்டு. படம் வரைந்தவர் பால்மரம் பார்த்ததில்லை போலிருக்கிறது. தென்னை மரத்தை வரைந்து, அதன் இடுப்பில் பால் கோப்பையைத் தொங்கவிட்டிருந்தார். தலைவர் கை தட்டினார். "பெரட்டு ஸ்டார்ட்!"

உடனே சித்தியவான் அண்ணன் மைக்கைத் திறந்தார். "இந்தச் சொல்லக் கேட்டதும் எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. எங்க தாத்தாவே பெரட்டுல பேர் கூப்புட்ட மண்டோர்தான்!"

"வாவ்!" என்றார் தலைவர். அந்த மாதமும் பாராட்டு அண்ணனுக்குத்தான்.

காம்பார்ப் பெண் மட்டும் கூட்டம் முடிந்ததும் என்னை அழைத்தாள். பெரட்டு என்றால் உண்மையில் என்ன என்று கேட்டாள். நான் தலைவரிடம் சொன்னதையேதான் சொன்னேன், ஒரு வார்த்தை கூடுதலில்லை.

"அக்கா… அப்ப நம்ம சார்தான் மண்டோரா?"

"நான் சொல்லலம்மா."

"அந்த அண்ணே?"

"அவரு கிராணியாக ஆசப்படுறாரு."

அவள் சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. அந்தக் குழுவில் சேர்ந்த பிறகு ஒரு சக ஊழியரோடு சேர்ந்து நான் சிரித்தது அன்றைக்குத்தான். அதற்கு எந்த வகுப்பும் தேவைப்படவில்லை.

வரைபடம் இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது. மூடிய புகார்கள் காலையில் புது எண்ணோடு எழுந்து வருகின்றன. நான் பதில் எழுதுகிறேன். இப்படிப்பட்ட குழுவில் வேலை செய்ய என்ன குணம் வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால், நான் சொல்வதற்கு ஒன்றுதான் இருக்கிறது: மைக் எங்கே மூடுகிறது என்று விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் கணவரும் அதைப் படித்துக்கொண்டார். பெரட்டு ஆரம்பித்ததும் ஊன்றுகோலோடு சமையலறை வாசல் வரை வந்து நிற்பார். வாயைத் திறக்க மாட்டார். கண்ணாலேயே கேட்பார். நான் மைக்கை மூடிவிட்டுத் தலையசைப்பேன்.

"மூடியாச்சா? நல்லா மூடியாச்சா?"

"மூடியாச்சு."

திரையில் தலைவர் தென்னை மரத்தடியில் நின்று காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருப்பார். என் கணவர் தொண்டையைச் செருமி, தன் அப்பாவைப் பெரட்டில் கூப்பிட்ட மண்டோரின் குரலில், தெருவுக்கே கேட்கும்படி என் பெயரைக் கூப்பிடுவார்.

"இருக்கேன்" என்பேன்.

"எந்த நிரை?"

"அடுப்பங்கர."

"சரி, போ" என்பார். திரையில் என் முறை வருவதற்குள் நான் எழுந்து போய் உலையைப் பார்த்துவிட்டு வருவேன்.